பதிவேட்டில் ஒரு வெற்றிடம்

பங்குத் தந்தையின் பணிகளுள் யாரும் அதிகம் பேசாத பணி ஒன்று உண்டு. அது பதிவேடு எழுதும் பணி. திருப்பலி முடிந்து, திருமுழுக்குச் சடங்கும் முடிந்து, வந்தோர் எல்லாம் வீடு திரும்பிய பின்னர் அலுவலக மேசையில் அமர்ந்து, குழந்தையின் பெயர், பிறந்த நாள், தந்தையின் பெயர், தாயின் பெயர், ஞானப் பெற்றோர் என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்புகிறோம். நமக்கு முன் இப்பங்கில் பணியாற்றிய குருக்களின் கையெழுத்தில் பழைய ஏடுகள் அலமாரியில் இருக்கின்றன. யாரோ ஒருவருக்குத் திருமணச் சான்று வேண்டுமென்று அவற்றைப் புரட்டும்போது, நிரம்பிய வரிகளின் மீது நம் கண் நிற்பதில்லை. எங்கோ ஓர் ஏட்டில், தந்தையின் பெயருக்குரிய கட்டம் மட்டும் வெறுமையாய்க் கிடக்கும். கண் அங்கே நின்றுவிடுகிறது.

அந்தத் தாய்க்கு அப்போது என்ன வயது? பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை. ஆனால் அவளுடைய சொந்தத் திருமுழுக்கு அதே அலமாரியில், சில ஏடுகளுக்கு முன்னால் பதிவாகியிருக்கும். இரண்டு தேதிகளையும் ஒப்பிட்டுக் கழித்துப் பார்த்தால் சில வேளைகளில் பதினாறு என்று வரும். பதினைந்து என்றும் வரும். பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய வயது. அந்த ஆண்மகன் யார் என்று ஊருக்குத் தெரிந்திருக்கும். பதிவேட்டுக்கு மட்டும் தெரியாது.

இந்த வெற்றிடத்துக்கு ஒரு வரலாறு உண்டா என்று நாம் தேடினோம். உண்டு. அதை மிக விரிவாக ஆராய்ந்து எழுதிவைத்த நாடு அயர்லாந்து. கத்தோலிக்க நாடு, சிற்றூர்களின் நாடு, தன் பழைய ஏடுகளைத் தானே திறந்து பார்த்து நாணிய நாடு. அந்த வரலாற்றை ஈண்டு சுருக்கமாக நினைவுகூர விழைகிறோம். அது அயலாரின் குற்றப் பட்டியல் அன்று. அங்கே பதிவேட்டை ஆண்ட அதே திருச்சபைச் சட்டமே இங்கும் ஆள்கிறது என்பதால், அது நம்முடைய வரலாறும்கூட.

நிலமும் திருமணமும்

1845ஆம் ஆண்டில் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் அயர்லாந்தின் கிராம வாழ்வையே மாற்றிப் போட்டது. பல இலட்சம் மக்கள் மாண்டனர். மேலும் பல இலட்சம் பேர் கப்பலேறினர். எஞ்சிய உழவர்கள் ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டனர்: நிலத்தைத் துண்டாடக் கூடாது. எனவே நிலம் ஒரே மகனுக்குச் சென்றது. அவனும் தந்தை நிலத்தை விட்டுக்கொடுக்கும்வரை மணமுடிக்க இயலாது. முப்பது வயதைத் தாண்டி மணமுடிப்பது வழக்கமாயிற்று. மணமகள் சீதனத்தோடு வர வேண்டும். தரகர் நடுவில் நின்று இரு குடும்பங்களும் பேசி முடிக்கும் ஏற்பாடு அது. நம் வாசகர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டில் ஏழைக் கூலியாளின் மகளுக்கு இடம் இல்லை. அவள் இளம் வயதிலேயே பண்ணை வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே அவள் கருவுற்றால், அந்த வீட்டு மகன் அவளை மணப்பது என்பது அவன் தனியாக முடிவு செய்யக்கூடியது அன்று. நிலத்தின் எதிர்காலம் அதில் அடங்கியிருந்தது. அவன் காதலனாக இருந்தாலும் சரி, அவளை வன்முறையால் கெடுத்தவனாக இருந்தாலும் சரி, ஊர் எடுத்த முடிவு ஒன்றே: பெண் ஊரைவிட்டுப் போக வேண்டும். அவன் உழவிலேயே நின்றான். ஞாயிறு தோறும் திருப்பலிக்கும் வந்தான். ஊரில் நிற்க விரும்பாத ஆணுக்கு இங்கிலாந்துக்குச் செல்லும் கப்பல் இருந்தது. பெண்களிலும் பலர் மானத்தைக் காக்க அதே கப்பலில் ஏறினர். அப்படிச் சென்றவர்களைக் குறிக்க இங்கிலாந்தின் தொண்டு நிறுவனங்கள் 'பி.எஃப்.ஐ.' என்றொரு சுருக்கக் குறியீட்டையே வைத்திருந்தன. 'அயர்லாந்திலிருந்து கருவுற்று வந்தவள்' என்பது அதன் பொருள். அவளை அந்நிலைக்கு ஆளாக்கியவனுக்குக் குறியீடு எதுவும் இருக்கவில்லை.

சட்டம் யாரைத் தேடியது?

சட்டம் இந்த வழக்கத்தைத் திருத்தவில்லை, அதற்குத் துணைநின்றது. 1838ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம், மணமாகாமல் பிறந்த குழந்தையைக் காக்கும் கடமையைத் தாயின் மீதே சுமத்தியது. பெண்ணைக் கெடுத்தவன் மீது வழக்குத் தொடுக்க வேண்டுமானால், அவளுடைய தந்தையோ முதலாளியோதான் தொடுக்க முடியும். அதுவும் எந்தக் காரணத்துக்காக? அவளுடைய உழைப்பைத் தாம் இழந்துவிட்டதாகக் கூறி! அவள் பட்ட துன்பம் நீதிமன்றத்தின் கணக்கில் வரவில்லை. வீட்டில் ஒரு வேலையாள் குறைந்ததே கணக்கில் வந்தது.

நாடு விடுதலை பெற்ற பின்னர், 1930ஆம் ஆண்டில், குழந்தையின் தந்தை மீது தாயே வழக்குத் தொடுத்துப் பராமரிப்புத் தொகை பெற ஒரு சட்டம் வழி செய்தது. நல்ல சட்டம்தான். ஆயினும் தாயின் சொல் மட்டும் போதாது. அதை உறுதிப்படுத்தும் வேறு சான்றும் வேண்டும் என்று அது விதித்தது. மறைவில் நடந்த ஒன்றுக்குப் பதினாறு வயதுப் பணிப்பெண் எங்கிருந்து சான்று கொண்டுவருவாள்?

அதே 1930ஆம் ஆண்டில், சிறுமியர் மீதான குற்றங்களை ஆராய வில்லியம் காரிகன் என்ற வழக்கறிஞர் தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. காவல்துறைத் தலைவர் ஓன் ஓ'டஃபி அதன் முன் சாட்சியம் அளித்தார். சிறுமியர் மீதான குற்றங்கள் நாடெங்கும் பெருகியுள்ளன. அவற்றில் மிகச் சிலவே நீதிமன்றத்தை எட்டுகின்றன. மானத்துக்கு அஞ்சிப் பெற்றோரே மறைத்துவிடுகின்றனர் என்பது அவர் கூறியதன் சாரம். பெண்ணின் இசைவு செல்லுபடியாகும் வயதைப் பதினெட்டாக உயர்த்துமாறு குழு பரிந்துரைத்தது. 1931இல் அளிக்கப்பட்ட அந்த அறிக்கையை அரசு வெளியிடவே இல்லை. நாட்டின் நற்பெயர் கெட்டுவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். 1935இல் வந்த சட்டம் அந்த வயதைப் பதினேழு என்று நிறுத்திக்கொண்டது.

பெண்ணின் மானத்தைக் காக்கவென்று குடும்பம் மறைத்தது. நாட்டின் மானத்தைக் காக்கவென்று அரசு மறைத்தது. இரண்டாலும் காக்கப்பட்டவன் ஒருவனே.

வந்து நின்றவனும் விலக்கப்பட்டான்

எல்லா ஆண்களும் ஓடிப்போயினர் என்று எழுதினால் வரலாற்றுக்கு நாம் உண்மையாக இருந்தவராக மாட்டோம். 1952ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டப்படி, மணமாகாத தாயின் குழந்தையைத் தத்துக் கொடுக்கத் தாயின் இசைவே வேண்டும்; தந்தையின் இசைவு தேவையில்லை. லண்டனில் வாழ்ந்த சைப்ரஸ் நாட்டவர் ஒருவர், ஐரிஷ் பெண்ணிடம் தமக்குப் பிறந்த மகளை அயர்லாந்தில் தத்துக் கொடுத்துவிட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை சென்றார். குழந்தை தமக்கு வேண்டும் என்று கேட்டார். அவர்கள் வயது வந்தோர். எனினும் அவ்வழக்கின் தீர்ப்பு எல்லா மணமாகாத் தந்தையரையும் கட்டுப்படுத்தியது. மணமாகாத தந்தைக்குத் தன் குழந்தை மீது அரசியலமைப்பு வழங்கும் உரிமை எதுவும் இல்லை என்று 1966இல் நீதிமன்றம் கூறிவிட்டது.

இதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். கடமையிலிருந்து ஆணை விடுவித்த அதே வழக்கம், கடமையை ஏற்க வந்த ஆணையும் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியது. வெற்றிடம் கோழைகளால் மட்டும் உண்டானதன்று. அங்கே நிற்க விரும்பியவனுக்கும் இடம் தரப்படவில்லை. 1987ஆம் ஆண்டில்தான் அந்நாடு 'முறைகேடாய்ப் பிறந்தவர்' என்ற பாகுபாட்டைச் சட்டத்திலிருந்து நீக்கியது. தந்தையும் நீதிமன்றத்தை நாடிப் பாதுகாவலன் என்ற உரிமையைக் கோரலாம் என்றது.

மதில்களுக்குள்

ஊரைவிட்டு அனுப்பப்பட்ட பெண்கள் எங்கே சென்றனர்? 'தாய்-சேய் இல்லங்கள்' என்று பெயர் பெற்ற நிறுவனங்களுக்குச் சென்றனர். அவற்றுள் பலவற்றை அருட்சகோதரிகள் நடத்தினர். செலவில் பெரும்பகுதியை அரசும் உள்ளாட்சி மன்றங்களும் ஏற்றன. கால்வே மாவட்டத்தின் டூவம் என்னும் சிற்றூரில், பழைய ஏழையர் விடுதிக் கட்டடத்தில், 1925 முதல் 1961 வரை அத்தகைய இல்லம் ஒன்று இயங்கியது. அவ்வூரைச் சேர்ந்த கேத்தரின் கார்லஸ் என்னும் பெண்மணி இறப்புப் பதிவுகளைப் பொறுமையாகத் தேடித் திரட்டியபோது, அங்கு இறந்த 796 குழந்தைகளின் பெயர்கள் கிடைத்தன. அடக்கம் செய்யப்பட்டதற்கான பதிவோ ஏறத்தாழ இல்லை. 2014இல் இச்செய்தி உலகெங்கும் பரவியது. 2015இல் நீதிபதி இவோன் மர்ஃபி தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. டூவம் இல்லத்து நிலத்தில் குழந்தைகளின் எலும்புகள் கிடப்பதை 2017இல் ஆணையம் உறுதி செய்தது. அவற்றை முறையாக அகழ்ந்தெடுக்கும் பணி 2025ஆம் ஆண்டில் தொடங்கிற்று.

ஆணையத்தின் இறுதி அறிக்கை 2021 ஜனவரி 12 அன்று வெளிவந்தது. 1922 முதல் 1998 வரை, ஆராயப்பட்ட 18 நிறுவனங்களில் ஏறத்தாழ 56,000 தாய்மார்களும் 57,000 குழந்தைகளும் தங்கியிருந்தனர். ஏறத்தாழ 9,000 குழந்தைகள் அங்கே இறந்தனர். வயது தெரிந்த தாய்மார்களுள் 5,616 பேர், அதாவது நூற்றுக்குப் பதினொருவருக்குச் சற்று மேல், பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். பன்னிரண்டு வயதுச் சிறுமியரும் அவர்களுள் இருந்தனர்.

பன்னிரண்டு வயதுச் சிறுமி கருவுற்று ஓர் இல்லத்தின் கதவைத் தட்டுகிறாள் என்றால், அவளுக்குப் பின்னால் ஒரு குற்றம் நிற்கிறது. அக்குற்றத்தைச் செய்தவன் நிற்கிறான். அன்றைய சட்டத்தின்படியே அவன் சிறைக்குரியவன். ஆயினும் இல்லத்தின் ஏடுகள் அவளைப் பற்றிக் கேட்ட கேள்விகளில் சிறு பங்கைக்கூட அவனைப் பற்றிக் கேட்கவில்லை.

கெபியின் முன்னே

1984 ஜனவரி 31. லாங்ஃபோர்டு மாவட்டத்தின் கிரனார்ட் என்னும் சிற்றூர். ஆன் லவெட் என்ற பதினைந்து வயது மாணவி, ஊருக்கு மேலே மரியன்னையின் கெபி இருந்த இடத்துக்குத் தனியே சென்றாள். குளிர்காலத்து மழை. அங்கே யாருடைய துணையும் இன்றி ஆண் குழந்தை ஒன்றைப் பெற்றெடுத்தாள். பள்ளி முடிந்து அவ்வழியே வந்த சிறுவர்கள் அவளைக் கண்டனர். குழந்தை இறந்திருந்தது. அன்று மாலையே அவளும் மருத்துவமனையில் இறந்தாள்.

அச்செய்தியைக் கேட்ட மக்கள், கே பர்ன் என்பவரின் வானொலி நிகழ்ச்சிக்குக் கடிதங்கள் எழுதினர். பிப்ரவரி மாதத்தில் அவை வானொலியில் வாசிக்கப்பட்டன. முப்பது, நாற்பது ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாத தங்கள் கதைகளைப் பெண்கள் எழுதியிருந்தனர். வைக்கோற்போரில் பெற்றவர்கள், பூட்டிய அறையில் பெற்றவர்கள், பெற்ற குழந்தையை மீண்டும் காணாதவர்கள். நாடு அன்றுதான் தன் மௌனத்தைக் காதால் கேட்டது எனலாம்.

ஆன் லவெட்டின் குழந்தைக்குத் தந்தை யார் என்பதை நாம் இங்கே ஆராயப் போவதில்லை. அது நமக்குரிய வேலை அன்று. நம்மை உறுத்துவது வேறொன்று. அந்தச் சிறுமி அன்னை மரியாவிடம் சென்றாள். பங்கு இல்லத்துக்கு ஏன் வரவில்லை? குருவாகிய நாம் இவ்வினாவைக் கடந்து போக இயலாது. கல்லாலான கெபியில் கிடைக்கும் என்று அவள் நம்பிய இரக்கம், உயிருள்ள நம்மிடம் கிடைக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

ஆணையம் எழுதிய வாக்கியம்

ஆணையத்தின் அறிக்கையில் பெரும் விவாதத்தை எழுப்பிய கருத்து ஒன்று உண்டு. இப்பெண்கள் கொடுமையாக நடத்தப்பட்டதற்கு முதன்மையான பொறுப்பு குழந்தைகளின் தந்தையரையும் பெண்களின் குடும்பத்தாரையும் சாரும். அரசும் திருச்சபைகளும் அதற்குத் துணைநின்றன, உடன்பட்டன என்பதே அக்கருத்து. இல்லங்களில் வாழ்ந்து மீண்ட பெண்களும், அங்கே பிறந்த மக்களும் இதைக் கேட்டுக் கொதித்தனர். எங்களை அடைத்து வைத்தவர்களை விட்டுவிட்டு, முகம் தெரியாதவர்கள் மீது பழிபோடுவதா என்பதே அவர்களின் கேள்வி. அறிக்கை வெளிவந்த மறுநாள் பிரதமர் மீஹால் மார்ட்டின் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். பேராயர் ஏமன் மார்ட்டினும் மன்னிப்புக் கோரினார்.

கத்தோலிக்கராகிய நமக்கு இங்கே ஒரு சோதனை இருக்கிறது. 'தந்தையரே முதற் குற்றவாளிகள்' என்ற கூற்றைப் பிடித்துக்கொண்டு, திருச்சபை தப்பியது என்று பெருமூச்சு விடலாம். அது பொய்யான ஆறுதல். தந்தையர் பொறுப்பற்றுப் போயினர் என்பது உண்மை. ஆனால் அவர்கள் பொறுப்பற்றுப் போவதை எளிதாக்கியது யார்? வீழ்ந்தவள் என்று பெண்ணைப் பற்றி மேடையில் பேசிய மறையுரையாளர், வீழ்த்தியவனைப் பற்றிப் பேசினாரா? அவள் இல்லத்துக்கு அனுப்பப்பட ஏற்பாடு செய்த பங்குத் தந்தை, அவனுடைய வீட்டுக் கதவைத் தட்டினாரா? தட்டியவர்கள் உண்டு, அவர்கள் சிலரே.

நம் சட்டத்தொகுப்பும் இதற்கு விலக்கன்று. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, மண உறவுக்கு வெளியே பிறந்தவன் சிறப்பு விலக்குப் பெறாமல் குருப்பட்டம் பெறுவதைத் தடுத்தது. குற்றம் தந்தையுடையது; தடை மகனுக்கு! 1983ஆம் ஆண்டின் புதிய தொகுப்பில் அத்தடை இல்லை.

நம் அலமாரியின் முன்

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே நிலைமை ஒரு வகையில் தலைகீழானது. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களுள் நூற்றுக்கு 6.8 பேர் அதற்குள் தாயாகியிருந்தனர் அல்லது கருவுற்றிருந்தனர். கிராமங்களில் இது 7.9, நகரங்களில் 3.8, தமிழகத்தில் 6.3. இவர்களுள் பெரும்பாலோர் மணமானவர்கள். அதாவது, இங்கே தந்தையின் கட்டம் பெரும்பாலும் நிரம்பியே இருக்கிறது. ஆனால் பெண் குழந்தையாக இருக்கிறாள். அயர்லாந்தில் வெற்றிடம் ஆணை மறைத்தது; இங்கே தாலி மறைக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாத மனைவியோடு கொள்ளும் உறவும் பாலியல் வன்முறையே என்று நம் உச்ச நீதிமன்றம் 2017ஆம் ஆண்டு அக்டோபரில் தீர்ப்பளித்தது. அதற்கு முன்னர் மனைவிக்குப் பதினைந்து வயது ஆகிவிட்டால் கணவனைச் சட்டம் தொடவில்லை.

வெற்றிடம் எப்போதுமே தீங்கு என்றும் கூற இயலாது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு வழங்கியது. மணமாகாத கிறித்தவத் தாய் ஒருவர் தொடுத்த வழக்கு அது. தந்தையின் பெயரைச் சொல்லுமாறு தாயைக் கட்டாயப்படுத்தாமலேயே அவரைக் குழந்தையின் பாதுகாவலராக ஏற்கலாம் என்றது நீதிமன்றம். தன்னைச் சீரழித்தவனின் பெயரைத் தன் குழந்தையின் பெயருக்கருகே காண விரும்பாத பெண்ணுக்கு அந்த வெற்றிடம் ஒரு காவல். அவள் விரும்பி விட்ட வெற்றிடம் வேறு. அவன் ஓடியதால் நேர்ந்த வெற்றிடம் வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவோர் அவளை இரண்டாம் முறை தண்டிக்கின்றனர்.

ஆண்களும் ஒரே வகையினர் அல்லர். சிறுமியைக் கெடுத்த உறவினனும் முதலாளியும் குற்றவாளிகள். அவர்களுக்குரிய இடம் நீதிமன்றம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அதற்காகவே வந்தது. அத்தகையவனுக்கே அவளை மணமுடித்து வைத்து 'மானம் காப்பது' கொடுமைக்கு ஆசி வழங்குவதாகும். ஆனால் அவளைப்போலவே பதினேழு வயதில் அஞ்சி நடுங்கி நிற்கும் சிறுவனும் உண்டு. அவனிடம் பேசுவதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது? நாம் நம்மையே கேட்டுப் பார்த்தோம். கால் நூற்றாண்டுக்கும் மேலான பணியில், இளம்பெண்களின் கூட்டங்களில் கற்பைப் பற்றியும் எச்சரிக்கையைப் பற்றியும் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். இளைஞர் கூட்டங்களில் கைப்பந்துப் போட்டியைப் பற்றியும் திருவிழாத் தேரைப் பற்றியும் பேசினோம். இதை எழுத நாணுகிறோம். ஆயினும் உண்மை அதுவே.

திருநூலில் யூதாவின் கதை இருக்கிறது. தாமார் கருவுற்றாள் என்று கேட்டதும், அவளை எரித்துவிடுங்கள் என்று தீர்ப்பளித்தவர் அவர். அவள் அனுப்பிவைத்த முத்திரையையும் கோலையும் கண்டபோது, அவை தம்முடையவை என்று ஊரார் முன் ஒப்புக்கொண்டார். தம்மைவிட அவளே நேர்மையுள்ளவள் என்றார். ஆண்டவரின் தலைமுறை அட்டவணையில் மத்தேயு தாமாரின் பெயரையும் யூதாவின் பெயரோடு சேர்த்தே எழுதிவைத்தார். அதே அட்டவணையின் இறுதியில் சூசையப்பர் நிற்கிறார். தாம் பெறாத மகனுக்குப் பெயரிட்டு, தந்தையின் கடமையை ஏற்றவர் அவர்.

1983ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பில் 877ஆம் சட்டம், மணமாகாத தாயின் குழந்தையைப் பதிவது எப்படி என்று கூறுகிறது. தக்க ஆவணம் இருந்தால் தந்தையின் பெயரை எழுதலாம். அல்லது அவனே பங்குத் தந்தை முன்னும் இரு சாட்சிகள் முன்னும் வந்து, இது என் குழந்தை என்று கூறினாலும் எழுதலாம். இல்லையேல் அவன் பெயரின்றியே பதிய வேண்டும். இச்சட்டத்தைக் குருமடத்தில் படித்தபோது வெறும் விதியாகவே படித்தோம். இன்று அதை வாசலாகப் பார்க்கிறோம். தாய்க்கு அது தீங்காகாதபோது, ஓர் ஆண்மகன் அந்த வாசல்வழி வந்து நிற்க வேண்டும். அவன் வர அஞ்சினால், அவனுடைய பெற்றோரும் அன்பியத்தாரும் பங்குத் தந்தையும் அவனைக் கைப்பிடித்து அழைத்துவர வேண்டும். சாட்சிகள் இருவர் வேண்டும் என்கிறது சட்டம். அந்த இருவராக நிற்க நம் பங்குகளில் ஆண்கள் முன்வருவார்களா?